பென்சிலில் எழுதிய கோபால்ட்

சென்ற மாதம் கஸ்தூரி போன் செய்தாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"அங்கிள், கோபால்ட் எங்கேருந்து வருது?"

"ஏம்மா, காலையிலேயே இப்படிக் கேக்கிற?"

"சிரிக்காதீங்க அங்கிள். காங்கோக்காரங்க ஏற்றுமதிய நிறுத்தினாங்க, அப்புறம் இவ்வளவுதான் அனுப்புவோம்னு அளவு வச்சாங்க. அதுலேருந்து வாங்கறவன் ஒவ்வொருத்தனும் ஒரு ஃபாரம் அனுப்பறான். எந்த நாடு, எந்தச் சுரங்கம், எந்த வழின்னு எல்லாம் நிரப்பணுமாம். நீங்க முப்பத்தோரு வருஷம் இதுலயே இருந்தீங்க. தெரிஞ்சத எழுதிக் குடுங்க. நம்ம ஊழியர் மலர்ல போடறேன், புதுப் பிள்ளைங்க படிக்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். முப்பத்தோரு வருடம் கோபால்ட்டைக் கையால் தொட்டிருக்கிறேன், துளைத்திருக்கிறேன், எடை போட்டிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. தெரியாத ஒருவன் எழுதுவது இது. புதுப் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் சரக்கை, விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவில் நின்று சோதிக்கும் நிறுவனம் எங்களுடையது. எண்ணி, எடை போட்டு, கொஞ்சம் எடுத்து, உறையில் போட்டு, சீல் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சாக்கு தைக்கிறவனாகப் பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். முதலில் ரப்பர், பிறகு வெள்ளீயக் கட்டி, அதன் பிறகு கோபால்ட். பள்ளியின் மேல் வகுப்பான ஆறாம் படிவத்தை நான் பார்த்ததில்லை. ஆங்கிலம் படித்ததெல்லாம் டிரம்களின் மேல் ஒட்டியிருந்த தாள்களில். அதனால்தான் எனக்கு ஆங்கிலத்தில் நாடுகளின் பெயரும் எடையும் மட்டும் நன்றாக வரும் என்று என் மனைவி லெட்சுமி கேலி செய்வாள்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேலதிகாரி மிஸ்டர் தியோ. ஒல்லியான சீனர். எங்களோடு மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார். இங்கே அதை என் தமிழில் தருகிறேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு எழுதுகோல் இருக்கும். ஒன்று நீல மைப் பேனா, இன்னொன்று பென்சில். வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கும் அதே இரண்டைக் கொடுத்து ஒரு குறிப்பேட்டையும் கையில் திணித்தார்.

"கண்ணால் பார்த்ததை மையில் எழுது. யாரோ சொன்னதைப் பென்சிலில் எழுது. நீயாக நினைத்ததை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ."

எத்தனை டிரம் என்பது மை. எடை, மை. மூடி பிதுங்கியிருந்தால் அதுவும் மை. எந்த நாட்டுச் சரக்கு என்பது மட்டும் எப்போதும் பென்சில். அறிக்கையில் 'இன்ன நாட்டிலிருந்து' என்று நான் எழுதினால் அதைச் சுழித்துவிட்டு, 'இன்ன நாடு என்று சொல்லப்படுகிறது' என்று திருத்துவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"சார், டிரம் மேலேயே பெயர் இருக்கிறதே. பத்திரமும் இருக்கிறது. அப்புறம் என்ன சொல்லப்படுகிறது?"

"அது தோண்டப்பட்டபோது நீ பக்கத்தில் நின்றாயா?"

"இல்லை."

"அப்படியென்றால் சொல்லப்படுகிறது."

மனிதர்கள் சொல்லும் வார்த்தைகளைச் சேர்த்துவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் லோரி ஓட்டுநர், கப்பல்காரர், கேண்டீன் அக்கா என்று யார் நல்லதாக ஒன்று சொன்னாலும் எழுதிவிடுவேன். அதையும் தியோ ஒருநாள் பார்த்துவிட்டார். "இதை மையில் எழுதியிருக்கிறாயே?" என்றார். "அவர்கள் சொன்னதை நானே காதால் கேட்டேன் சார்" என்றேன். "சரி. சொன்னது உண்மை. சொன்ன விஷயத்துக்கு நான் பொறுப்பில்லை" என்றார்.

கோபால்ட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படிக் கேட்டுச் சேர்த்ததுதான். உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி காங்கோவின் தெற்கு மூலையில் கிடைக்கிறதாம். அங்கேயும் அதற்கென்று தோண்டுவது குறைவு. செம்புக்காகத் தோண்டும்போது கூடவே வருகிறது. பெரிய எந்திரம் வைத்துத் தோண்டுகிறவனும் உண்டு, வெறுங்கையால் குழி பறித்துச் சாக்கில் கொண்டுவந்து விற்கிறவனும் உண்டு. இரண்டும் வழியில் ஒன்றாகக் கலந்துவிடுவதும் உண்டு. அங்கிருந்து ஈர மாவு மாதிரி ஒரு பொருளாக்கி, பெரிய பைகளில் கட்டி, லோரியில் நாள் கணக்காக ஓட்டி, தென்னாப்பிரிக்கத் துறைமுகத்துக்கோ தான்சானியாவுக்கோ கொண்டுவருவார்கள். கப்பல் ஏறினால் பெரும்பாலும் சீனா. இப்போது இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது, அது நிக்கலோடு ஒட்டிப் பிறந்தது. மொரோக்கோ, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, கனடா என்று இன்னும் பல பெயர்கள் டிரம்களில் படித்திருக்கிறேன்.

குழப்பம் எங்கே என்றால், சில டிரம்களில் பனி விழும் நாட்டின் பெயர் இருக்கும். அந்த நாட்டில் இவ்வளவு கோபால்ட் தோண்டும் சுரங்கமே இல்லை என்று ஒரு கப்பல்காரர் சொன்னார். ஓடிப்போய்த் தியோவிடம் கேட்டேன்.

"மண் ஒரு நாடு. உலையில் காய்ச்சி உலோகமாக்கியது இன்னொரு நாடு. டிரம்மில் அடைத்தது மூன்றாவது நாடாகக்கூட இருக்கும். கடைசியாகக் காய்ச்சியவன் பெயரைத்தான் பத்திரத்தில் போடுவார்கள்."

"அப்போ மண்ணு யாரோடது?"

"பென்சிலை எடு" என்றார் தியோ.

இனி, என்னால் மறக்க முடியாத ஓர் ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

எங்கள் சாம்பிள் வேலை நடந்தது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஸ்டோரில், அதாவது சரக்குக் கிடங்கில். அதன் காப்பாளர் காசிம். கடலோர ஊரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். அண்ணனை அவர்கள் நானா என்பார்கள்; நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும், நடந்தால் சத்தம் முன்னால் வரும். இருபத்தேழு வருடமாக அந்த ஸ்டோரின் ஒவ்வொரு கதவையும் அவர் கைதான் திறந்தது. ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தது.

வருடா வருடம் ஆயுத பூஜையன்று ஸ்டோரில் எந்திரங்களுக்குப் பொட்டு வைப்போம். எடை மேடை, துளை எந்திரம், சீல் அடிக்கும் கருவி, ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் சந்தனத்தை வட்டமாக வைத்து நடுவில் குங்குமம். தேங்காய் வாசலில் உடையும். நானா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். ஆனால் வாய் மட்டும் ஒதுங்காது.

"சேகரு, ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பெருசா வைங்க. போன வருஷம் சின்னதா வச்சீங்க, வருஷம் முழுக்க முக்கிக்கிட்டே இருந்துச்சு."

"நானா, அது முக்கினது நீங்க எண்ணெ மாத்தாததால."

"அதுவும் சாமி பாத்துக்கிட்டா எனக்கு ஒரு வேலை மிச்சம் லா!"

தியோவும் வந்து ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போவார். போகும்போது ஒன்றே ஒன்று சொல்வார்: "நாளை வேலைக்கு முன் துடை."

அந்த வருடம் பூஜைக்கு மறுநாளே ஒரு வேலை இருந்தது. எண்பது டிரம் கோபால்ட் உலோகம். பனி விழும் நாடு என்று சொல்லப்பட்டது. ஐந்து மாதமாக நானாவின் ஸ்டோரில் கிடந்து, விமான இன்ஜினுக்கு உலோகக் கலவை செய்யும் ஒருவனுக்கு விலைபோயிருந்தது. அந்த வேலைக்குச் சுத்தம் மிக மிக முக்கியம். குறிப்பாக ஈயம் ஆகாது. பத்து லட்சத்தில் சில பங்கு ஈயம் இருந்தால்கூட வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்கள்.

கோபால்ட் உலோகம் வெற்றிலையைக் கிள்ளிப் போட்ட மாதிரி, கத்தரித்த தகடுத் துண்டுகளாக டிரம்மில் இருக்கும். வெள்ளிச் சாம்பல் நிறம், வெளிச்சத்தில் சாய்த்தால் லேசாக நீலம் தட்டும். எந்த டிரம்களைத் திறப்பது என்று பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என்று துண்டுகளை எடுத்து, துளை எந்திரத்தில் வைத்து, எண்ணெய் தொடாமல் மெதுவாகத் துளைக்க வேண்டும். முதலில் வரும் மேல்தோல் சுருளைத் தள்ளிவிட்டு, உள்ளிருந்து வரும் சுருளை மட்டும் வெள்ளைத் தட்டில் பிடிக்க வேண்டும். மற்ற உலோகங்களில் இரும்புத் தூசு விழுந்தால் காந்தத்தால் எடுத்துவிடலாம். கோபால்ட்டும் காந்தத்தில் ஒட்டும், அதனால் அந்த வழி கிடையாது. விழுந்தது விழுந்ததுதான். துளைக்கும் முனையிலேயே கோபால்ட் கொஞ்சம் கலந்திருக்கும் என்று தியோ சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. அது எந்த நாடோ.

அன்று காலை தட்டைக் கழுவினேன், முனையை மாற்றினேன், மேடையைத் துடைத்தேன். எந்திரத்தின் தலையில், முனைக்கு நேர் மேலே, முந்தின நாள் நானே வைத்த பொட்டு இருந்தது. சாமிக்கு வைத்த பொட்டை மறுநாளே கையால் துடைக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் அது தானாக உதிரும்வரை விட்டுவிடுவோம். பொட்டைச் சுற்றித் துடைத்தேன். 'எந்திரம் முழுதும் துடைக்கப்பட்டது' என்ற கட்டத்தில் நீல மையில் குறி போட்டேன்.

மாலை வரை துளைத்தேன். சுருள்களைக் கலந்து மூன்றாகப் பிரித்தேன். ஒன்று விற்பவனுக்கு, ஒன்று வாங்குபவனுக்கு, ஒன்று தகராறு வந்தால் பார்க்க எங்கள் பெட்டியில். மூன்றுக்கும் சீல். சீலின் மேல் குறுக்காக என் கையெழுத்து.

மூன்று வாரம் கழித்து வாங்கியவனிடமிருந்து கடிதம் வந்தது. ஈயம் இருக்கிறதாம், அதுவும் அனுமதித்ததைவிடப் பல மடங்கு. பத்திரத்தில் உள்ள உலையிலிருந்து இப்படி ஒரு உலோகம் வந்ததே இல்லையாம். ஒவ்வொரு உலைக்கும் கைரேகை மாதிரி ஒரு கலப்பு இருக்கும். இது அந்தக் கைரேகை இல்லை என்று எழுதியிருந்தார்கள். விற்றவன் தன் உறையைச் சோதித்தான். அதிலும் ஈயம். எங்கள் பெட்டியில் இருந்த மூன்றாவது உறையை அனுப்பினோம். அதிலும் அதே அளவு. மூன்று சாட்சி ஒரே வார்த்தை சொன்னால் வேறு என்ன நினைப்பார்கள்? நல்ல சரக்கு வந்தது. ஐந்து மாதத்தில் யாரோ மாற்றிவிட்டார்கள். எங்கே கிடந்தது? நானாவின் ஸ்டோரில். சாவி யாரிடம்?

ஸ்டோர் முதலாளிகள் நானாவின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது, சரக்கு மாறியது உறுதியானால் போலீஸ் என்றார்கள். அவர் வீட்டுக்கும் போகவில்லை. ஸ்டோருக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில், கதவைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போங்க நானா."

"வூட்ல போயி என்னன்னு சொல்ல? இருபத்தேழு வருஷம் ஒரு ஆணி காணாமப் போனதில்ல. இப்ப எம்பது டிரம்ம நான் தின்னுட்டேனாம்." டீயைத் தொடவே இல்லை. "சேகரு, நீங்கதானே தொறந்து பாத்தீங்க. மாத்தின சரக்கு மாதிரியா இருந்துச்சு?"

ஒரு கோபால்ட் துண்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் என்ன? இவர் மாற்றியிருக்க மாட்டார் என்று நினைத்தேன். நினைத்ததை வீட்டுக்குத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதே சமயம் என் கையெழுத்துப் போட்ட மூன்று உறையும் பொய் சொல்லாது என்றும் நினைத்தேன். இரண்டும் எப்படி ஒன்றாக நிஜமாக இருக்கும்?

சனிக்கிழமை காலை துளை எந்திரத்தை வேறு மூலைக்கு நகர்த்தச் சொன்னார்கள். அந்த எண்பது டிரம்முக்குப் பிறகு அதற்கு வேலை வந்திருக்கவில்லை. தலைப்பகுதியைப் பிடித்துத் தள்ளும்போது பொட்டு கண்ணுக்கு நேரே வந்தது. காய்ந்து வெடித்த சந்தன வட்டம் அப்படியே இருந்தது. நடுவில் குங்குமம் இல்லை. வெறும் இரும்பு தெரிந்தது.

திரும்பி எடை மேடையைப் பார்த்தேன். அங்கே குங்குமம் இருந்தது. ஃபோர்க்லிஃப்ட்டைப் பார்த்தேன். நானா பெரிதாக வைக்கச் சொன்ன பொட்டு, பெரிதாகவே சிவப்பாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அதிர்ந்த எந்திரத்தின் தலையில் மட்டும் இல்லை. அதற்கு நேர் கீழே வெள்ளைத் தட்டு.

ஆனால் குங்குமத்தில் ஈயம் எப்படி வரும்? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதானே குங்குமம்? தினமும் லெட்சுமி நெற்றியில் வைப்பதுதானே? நான் எதையாவது பிடித்துத் தொங்கப் பார்க்கிறேனா என்று எனக்கே சந்தேகம். சொன்னால், துடைத்தேன் என்று மையில் போட்ட குறி பொய் என்று ஆகிவிடும். தியோவின் கீழ் மையில் பொய் எழுதியவன் ஒருவன் முன்பு இருந்தான். ஒரே நாளில் அவன் மேசை காலியானது. சொல்லாவிட்டால், எதிர்க் கடையில் அந்த நாற்காலி.

தியோவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துவந்து, கண்ணாடியைக் கழற்றி அந்தச் சந்தன வட்டத்தைக் கிட்டப் பார்த்தார்.

"தேங்காயும் இதன் மேலேதான் உடைத்தாயா?"

"இல்லை சார், வாசலில்."

"அந்த மட்டும் நல்லது." மறுபடி பார்த்தார். "சிவப்புப் பொடி இங்கே இருந்தது. நீ பார்த்தாயா, யாராவது சொன்னார்களா?"

"நானே வைத்தேன் சார்."

"துடைத்ததாகக் குறி போட்டிருக்கிறாய்."

"சுற்றித் துடைத்தேன். பொட்டை விட்டுவிட்டேன்."

"ஏன்?"

இதற்கு ஆங்கிலத்தில் பதில் இருந்தால் டிரம்மில் படித்திருப்பேன். "மனம் வரவில்லை சார்" என்று மலாயில் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்தப் பொடி மிச்சம் இருந்தால் கொண்டுவா. மூன்று உறை. சீல்" என்றார்.

வீட்டில் லெட்சுமி குங்குமப் பொட்டலத்தை விடவில்லை.

"முழுசாவா? நான் நாளைக்கு என்னத்த வச்சுக்கறது?"

"பரிசோதனைக்கு, லெட்சுமி."

"குங்குமத்துக்கே பரிசோதனையா? அப்புறம் எனக்கும் சீல் வச்சு அனுப்பிடுவீங்க போல."

மறுவாரம் இரண்டு தரப்பு ஆட்களும் வந்து நிற்க, வேறு ஒரு துளை எந்திரம் வரவழைத்து, இன்னும் ஸ்டோரிலேயே கிடந்த அதே எண்பது டிரம்மிலிருந்து மறுபடி எடுத்தோம். முதல் துளையைத் தியோவே போட்டார். கையுறை போட்டு, எந்திரத் தலைக்குப் பிளாஸ்டிக் சுற்றி, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லியபடி செய்தார். நானாவை உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். துண்டுகளை எடுக்கும்போது நான் ஒன்று கவனித்தேன். ஒரே டிரம்மில் சில துண்டுகள் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும், சில இரண்டு பக்கமும் மழமழப்பாகவும் இருந்தன. முன்பே பார்த்திருப்பேன், கண்ணில் படவில்லை. தியோவிடம் காட்டினேன். "பார்த்தாய் அல்லவா, மையில் எழுது. ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது" என்றார்.

பத்து நாளில் முடிவு வந்தது. உலோகத்தில் ஈயம் இல்லை. உலையின் கைரேகையும் பொருந்தியது. குங்குமத்தில் ஈயம் இருந்தது, கொஞ்சநஞ்சம் இல்லை. மஞ்சள் பேருக்குக்கூட இல்லையாம், சிவப்புக்காக ஈயச் செந்தூரம் கலந்திருந்ததாம்.

முடிவைப் படித்ததும் நானாவை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி லெட்சுமியின் நெற்றி ஞாபகம் வந்தது. சந்தோஷமும் பயமும் ஒரே தாளில் வந்தால் மனிதன் எந்த முகம் வைத்துக்கொள்வது?

அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அந்தப் பொட்டலத்தை வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா கல்லாவுக்குப் பின்னால் பூ தொடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தக் குங்குமம் எங்கேருந்து வருது?"

"கிள்ளான்லேருந்து ஒருத்தர் போடறாரு அண்ணே. ஏன், கலர் நல்லா இல்லையா?"

"கலர் ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிரச்சனை."

விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போய், மிச்சப் பொட்டலங்களை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தார். மறுநாள் கிள்ளானில் பொட்டலம் போடுகிறவரைத் தேடிப் போனேன். ஒரு கடைவீட்டின் பின்கட்டில் மூன்று சாக்குகள் திறந்து கிடந்தன. மூன்றும் மூன்று சிவப்பு.

"ஊர்லேருந்து வருது அண்ணே."

"எந்த ஊரு?"

"ஊருன்னா ஊருதான், நம்ம பாட்டன் கப்பலேறி வந்த எடம். செலாயாங் மொத்தச் சந்தைல ஒருத்தர் இறக்குறாரு, அவருக்கிட்ட நான் எடுக்கிறேன். சாக்குல பேரெல்லாம் இருக்காது."

"மூணு சாக்கு ஏன்?"

"ஒவ்வொண்ணு ஒவ்வொரு எடத்துது. மூணையும் கலந்தாத்தான் ஜனங்க கேக்கற கலரு வரும்."

"அப்புறம் பொட்டலத்துல எந்த ஊருன்னு போடுவீங்க?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கலந்தது இங்கதானே அண்ணே? கிள்ளான்னு போடுவேன்."

அங்கேயே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பல வருடமாகத் தியோ சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறாதது அந்தப் பின்கட்டில் ஏறியது. எத்தனை குழியின் மண், எத்தனை கையின் சாக்கு. எல்லாம் ஒரு உலையில் விழுகிறது, வெளியே வரும்போது ஒரே பெயர். ஏறியதால் தெளிவு வந்ததா என்றால் வரவில்லை. முன்பு கோபால்ட் மட்டும்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருந்தது. இப்போது என் வீட்டுச் சாமி மாடத்தில் இருப்பதும் தெரியாமல் போயிற்று. சாக்குக்காரரிடமும் ஈயத்தைப் பற்றிச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். நிறுத்தினாரா, எனக்குத் தெரியாது.

லெட்சுமியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். "கடைய மாத்துங்க, சாமிய மாத்தாதீங்க" என்று அவள் சொன்னதைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

நானாவின் சாவியைத் தியோவே முதலாளிகளிடம் கேட்டு வாங்கி, தெருவைக் கடந்து தேநீர்க் கடைக்குப் போய்க் கொடுத்தார். மன்னிப்பு என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. நானா கொத்தைக் கையில் வைத்து ஒவ்வொரு சாவியாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இடுப்பில் மாட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"சேகரு, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எச்சரிக்கைக் கடுதாசி. மூணு மாசம் எடை மேடை மட்டும்."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"நானா, பொட்டு நான் வச்சது."

"ஆமா, ஆமா." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "என் ஃபோர்க்லிஃப்ட் பொட்டு மட்டும் உதிரலையே, கவனிச்சீங்களா? பெருசா வைக்கச் சொன்னது நான்தான்!"

அடுத்த வருடமும் பூஜை நடந்தது. வேறு கடைக் குங்குமம். துளை எந்திரத்தின் காலில், தட்டுக்கு ஒரு முழம் கீழே தியோ ஒரு கோடு போட்டிருந்தார். பொட்டு அதற்குக் கீழேதான். கோட்டைப் பென்சிலில் போட்டிருந்தார். ஏன் மையில் போடவில்லை என்று கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டுவிட்டேன். அதற்கடுத்த வருடம் நானா சாவியை அவர் கையாலேயே அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் கஸ்தூரிக்குப் போன் செய்தேன்.

"அம்மா, அந்த ஃபாரத்துல நாடுன்னு இருக்கே, அதப் பென்சில்ல நிரப்பு."

"அங்கிள், அது கம்ப்யூட்டர் ஃபாரம். பென்சில் எல்லாம் கெடையாது. பட்டியல்லேருந்து ஒரு நாட்ட அமுக்கினாதான் அடுத்த பக்கமே திறக்கும்."

"தெரியாதுன்னு ஒரு கட்டம் இருக்கா?"

தேடிப் பார்த்துவிட்டு, "இல்ல அங்கிள்" என்றாள்.

போனை வைத்தேன். பழைய குறிப்பேடுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். காங்கோ, மொரோக்கோ, மடகாஸ்கர், கனடா; எல்லாம் பென்சில். பாதி மங்கிவிட்டது. எங்கிருந்து வந்தது என்ற கட்டம் நீல மையில் இருப்பது ஒரே ஒரு பக்கத்தில். 'சிவப்புப் பொடி. துளை எந்திரத்தின் தலையிலிருந்து. வைத்தவர்: சேகர்.' கீழே தியோவின் சின்னக் கையெழுத்து. அதற்கும் கீழே, அந்தப் பொடி அதற்கு முன் எங்கே இருந்தது என்று நான் விசாரித்து எழுதிய வரி. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், செலாயாங், ஊர் என்று சொல்லப்படுகிறது. அது பென்சில்.